கொட்டச்சேட்டில் கட்டுக் கட்டாக வீட்டுக்குப் போன புத்தகங்கள்

ஏற்காடு என்றதும் ஏரி, படகு, காட்சி முனை என்று தேடி வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பயணத்தில் நான் படகில் ஏறவே இல்லை. ஒரு வாரத்தில் பெரும்பகுதியை மலைக்கிராமத்துத் தொடக்கப்பள்ளியின் நூலக அறையில், தரையில் சம்மணம் போட்டு, கையெல்லாம் பசையோடு கழித்தேன். திரும்பி வந்து துணிகளைத் துவைக்கப் போட்டபோது பாவாடை நாடாவில்கூடப் பச்சைச் சாயம். இப்படியும் ஒரு சுற்றுலாவா என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

போனதற்குக் காரணம் சுமதி. சேலத்தில் படித்த காலத்தில் விடுதியில் என் அறைத்தோழி. இப்போது கொட்டச்சேட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊரில் தலைமை ஆசிரியை. நான் திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை மொட்டைமாடியில் கூட்டி, கதை வாசித்து, அந்தக் கதையை வைத்தே வெட்டி ஒட்டி ஏதாவது செய்ய வைப்பேன். அது அவளுக்குத் தெரியும். நவம்பரில் ஒருநாள் போன் செய்தாள். "தேவி, அடுத்த வாரம் கெளம்பி வாடி. அதுக்கடுத்த திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அதுக்குள்ள ஏதாவது பண்ணலைன்னா என் லைப்ரரி போச்சு." என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள். அந்தக் காலத்திலும் இப்படித்தான், என் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டுத்தான் கேட்பாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குத் திருப்பூரில் ரயில் ஏறி, ஒன்பதரைக்குச் சேலம். அங்கிருந்து புதிய பேருந்து நிலையம் போக ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார்கள், நூற்றிருபதுக்குப் படிந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மலைக்கு ஏற இரண்டு பாதைகள். எல்லோரும் போவது இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை, அதில் பஸ்ஸுக்குக் குறையில்லை. கொட்டச்சேடு போக வேண்டுமானால் குப்பனூர் வழி. அதில் பஸ் குறைவு. இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் முக்கால் மணி நேரம் தப்பான நடைமேடையில் நின்று, எல்லா டிரைவர்களையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

ஒருவழியாகக் குப்பனூர் வழி பஸ் வந்தது. மடியில் நான் வைத்திருந்த பெரிய மூட்டையைக் கண்டக்டர் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, துணி யாவாரமுங்களா?"

"இல்லீங்க, காகிதம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு."

"காகிதமா? மேல மழை ஊத்துதுங்க. நனையாம புடிச்சுக்குங்க, கூழாயிரப் போகுது" என்று சொல்லிவிட்டுத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூட்டைக்குத் தனி டிக்கெட் போடவில்லை. அந்த மனிதருக்கு இந்த இடத்தில் ஒரு நன்றி. இறங்கும்போது தார்ப்பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சாயந்தரம் பள்ளியைப் போய்ப் பார்த்தேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து நாற்பது சொச்சம் பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள். நூலகம் என்பது ஓர் அறை, இரண்டு இரும்பு அலமாரி, தரை முழுக்கப் பாய். அலமாரியில் படக்கதைகள், அறிவியல் புத்தகங்கள், பாட்டுப் புத்தகங்கள் என்று எண்பது, தொண்ணூறு இருக்கும். நான்கு வருடங்களாக ஒவ்வொரு முறை சேலம் போகும்போதும் சுமதி பையில் சுமந்து வந்து சேர்த்தவை. பாதிக்கு மேல் அவள் சொந்தப் பணம். பார்த்தவுடன் எனக்குப் பொறாமையாக இருந்தது.

வராந்தாவைப் பார்த்ததும்தான் சிக்கல் புரிந்தது. பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்கு வரும் அரிசி, ரவை மூட்டைகள் அங்கே அடுக்கியிருந்தன. மலை மழை சாய்வாக அடிக்கும். கீழ் வரிசை மூட்டைகள் நனைந்து கறுத்திருந்தன. பெற்றோர் குழுவில் இருக்கும் ராமசாமி அண்ணன் அப்போது அங்கே வந்தார். சாமையும் ஆரஞ்சும் போடும் மலை விவசாயி, மகன் மூன்றாம் வகுப்பு. "நான் ஒண்ணும் புஸ்தகத்துக்கு எதிரி இல்லீங்க டீச்சர். உப்புமாவுல பூஞ்சை நாத்தம் அடிக்குதுன்னு எம் பையன் சாப்பிடாம வர்றான். இருக்கறதே ஒரு நல்ல ரூமு. நாலு வருசத்துல ஒரு புஸ்தகமாச்சும் எங்க ஊட்டுப் பக்கம் வந்துச்சுங்களா? புள்ளைங்களுக்கு அதுல நாட்டமில்லீன்னு தெரியுது. அரிசிய வெச்சா வயித்துக்காவது ஆகும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். பிள்ளைகள் அறைக்குள் வந்தால் விழுந்து விழுந்து படிக்கிறார்கள், ஆனால் எத்தனை முறை சொன்னாலும் ஒரு புத்தகத்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை என்றாள் சுமதி. "சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சுடி. கையால ஏதாவது செஞ்சா ஆசை வரும்னுதான் உன்னைக் கூப்பிட்டேன்." திங்கட்கிழமை கூட்டத்தில் முடிவு. அறை நூலகமாக இருக்குமா, அரிசிக் கிடங்காகுமா என்று.

வியாழக்கிழமை காலை வேலையை ஆரம்பித்தோம். முதலில் யானை. ஒரு பிள்ளை புத்தகத்திலிருந்து யானைக் காதின் அளவைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் பழைய செய்தித்தாள்களை ஒட்டி அதே அளவில் வெட்டினார்கள். ஒரு காதுக்குள் நான்கு பிள்ளைகள் படுக்க முடிந்தது. "அப்ப முழு யானை இந்த ரூமுக்குள்ள வராதுங்க மிஸ்!" என்று ஒரே கூச்சல். வருமா வராதா என்று கயிறு பிடித்து அறையை அளந்து, ஒரு மணி நேரம் சண்டை போட்டு, கதவில் தும்பிக்கை மட்டும்தான் நுழையும் என்ற முடிவுக்கு வந்தார்கள். எந்தக் கணக்குப் பாடத்திலும் அப்படி ஒரு உற்சாகத்தை நான் பார்த்ததில்லை.

மதியம் ஆளுக்கொரு புத்தகம் செய்தோம். ஒரு தாளை எட்டாக மடித்து, நடுவில் கீறி, திருப்பினால் எட்டுப் பக்கம். சாக்குத் துணியில் அட்டை, கோணி ஊசியால் தையல். காப்பி இலை, பலா இலை, மிளகு இலை எல்லாவற்றையும் சாயத்தில் தோய்த்து அட்டையில் அச்சு எடுத்தார்கள். நான்காம் வகுப்புக் காவ்யா "எங்கம்மாவும் எட்டுக் கூடையும்" என்று ஒரு கதை எழுதினாள். எட்டாவது கூடையில் அம்மா தூங்கிவிடுகிறாள்.

மூன்றரைக்கு மணி அடித்தது. "செஞ்சதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க கண்ணுங்களா" என்றேன். ஒருவர்கூட எடுக்கவில்லை. எல்லோரும் வரிசையில் வந்து, தாங்கள் செய்த புத்தகத்தை மேசைமேல் வைத்து, சுமதி பார்த்துத் தலையாட்டும்வரை நின்று, பிறகுதான் பையை மாட்டினார்கள். சொந்தக் கையால் செய்தது ஐயா! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காவ்யாவின் புத்தகத்தை எடுத்து அவள் பையில் நானே திணித்தேன். அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். "வேண்டாங்க மிஸ், எங்கம்மா அடிக்கும்!"

நல்ல பெயர் எடுத்தேன் போங்கள். சுமதி என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு இருவரும் காவ்யாவைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே நடந்தோம். பள்ளியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர், எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு. காப்பிப் பழம் பறிக்கும் பருவம் என்பதால் அவள் அம்மா செல்வி அப்போதுதான் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் பதறவில்லை, சிரித்தார்.

"அடிக்கறதெல்லாம் இல்லீங்க, அவ சும்மா சொல்லுவா. ஆனா பழக்கம் அப்பிடிங்க. எஸ்டேட்டுல பறிச்சதைச் சாயந்தரம் எடை போடற எடத்துல கொட்டி, கணக்கெழுதற ரைட்டர் பார்த்துத் தலையாட்டுனாத்தான் ஊட்டுக்கு வரோணும். மடியில ஒரு பழம் ஒட்டிக்கிட்டு வந்தாலும் களவுப்பேரு. தொட்டதை அங்கயே வெச்சுட்டு வான்னு நடக்கப் பழகறப்பவே புள்ளைங்களுக்குச் சொல்லி வெச்சிருக்கறமுங்க."

"நான்தானே எடுத்துட்டுப் போகச் சொன்னேன்?" என்றாள் சுமதி.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. ரைட்டரும் ஒருநா நல்ல மனசுல சொல்லுவாருங்க. மறுநா வேற ரைட்டர் வந்து கேட்டா என்னங்க சொல்றது?"

சொந்தக் காடு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களும் பருவத்தில் பழம் பறிக்கப் போகிறார்கள். அதனால் ஊர் முழுக்க இதே பழக்கம். நான்கு வருடமாகச் சுமதி நூலகத்தில் நடந்துகொண்டிருந்தது எடை போடும் இடத்துச் சட்டம். பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை, நாணயம் அதிகம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"எஸ்டேட்டுல இருந்து எதுவுமே வீட்டுக்கு வராதா?" என்று கேட்டேன்.

"வெறகு வருமுங்க. நெழல் மரத்துல கழிச்ச கெளைங்க. வாரத்துக்கு ஒரு கட்டு. ஆனா உதிரியா ஒரு குச்சி எடுத்தாலும் தப்பு. கயித்துல கட்டி, தலையில வெச்சு, எல்லாரும் பார்க்க மெயின் கேட்டு வழியா வந்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

சுமதி என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். வலித்தது. அவளுக்கு யோசனை வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கிள்ளுவது பழைய வழக்கம்.

வெள்ளிக்கிழமை நாங்கள் செய்த வேலை கயிறு திரிப்பது. சணலை மூன்று பிரியாகப் பிரித்து, தொடையில் உருட்டி, ஆளுக்கு இரண்டு முழக் கயிறு. பிறகு ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த இரண்டு புத்தகங்களையும் நேற்றுத் தான் செய்ததையும் பாலிதீன் உறையில் போட்டுக் கட்ட வேண்டும். எனக்குத் தெரிந்த முடிச்சு இரண்டு தரம் அவிழ்ந்து விழுந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து விறகுக் கட்டு முடிச்சைப் போட்டுக் காட்டினார்கள். "பெரிய புக்கை அடியில வெக்கோணுங்க மிஸ், அப்பத்தான் தலையில சாயாது" என்றாள் காவ்யா. துண்டைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டார்கள். மூன்றரைக்குச் சுமதி வாசலில் நின்று ஒவ்வொரு கட்டையும் பார்த்துத் தலையாட்ட, நாற்பது சொச்சம் பிள்ளைகளும் புத்தகக் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் வரிசையாக இறங்கினார்கள். என்ன நடை, என்ன மிதப்பு! சுமதி வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்தான்.

சனிக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினோம். ஏற்காடு போய், அங்கிருந்து ஆட்டோவில் கரடியூர். போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். காட்சி முனையில் இருந்து பார்த்தால் கீழே சமவெளி தெரியும் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்தது வெள்ளை மூட்டம் மட்டும். ஆட்டோக்காரர், "பத்து நிமிசம் இருங்க, தொறக்கும்" என்றார். அரை மணி நேரம் இருந்தோம், திறக்கவில்லை. ஆனால் ஓரமாக ஓர் அம்மா சுடச்சுட மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார், தட்டு நாற்பது ரூபாய். அதற்காகவே நான் மறுபடி போவேன்.

ஞாயிற்றுக்கிழமை பேய்மழை. சுமதிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "ஒழுகுற வீடுங்கடி. அத்தனை புத்தகத்தையும் தூக்கிக் கொடுத்துட்டேனே. நாளைக்கு அலமாரி காலியா இருந்தா நான் என்ன காரணம் சொல்லுவேன்?" என்று புலம்பினாள். பாலிதீன் இருக்கிறதே என்று நான் தேற்றிப் பார்த்தேன். அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன்.

திங்கள் காலை பிள்ளைகள் வந்தார்கள், வெறும் பையோடு. ஒரு கட்டுகூட வரவில்லை.

"புத்தகம் எங்க சாமி?" என்று சுமதி கேட்டாள்.

"ஊட்டுல இருக்குங்க மிஸ்."

"ஏன் கொண்டு வரலை?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "கட்டு எப்பிடிங்க மிஸ் திரும்பி வரும்?" என்றாள் காவ்யா.

அட ராமா! வீட்டுக்குப் போன விறகை யார் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார்கள்? கெட்டிக்காரத்தனமாகக் கண்டுபிடித்தோம் என்று இரண்டு நாள் மெச்சிக்கொண்ட இரண்டு பெரிய மனுஷிகளுக்கும் இது உறைக்கவில்லை. மூன்று மணிக்குக் கூட்டம். அலமாரி இரண்டும் துடைத்து வைத்தாற்போலக் காலி.

பெற்றோர் நூலக அறையிலேயே பாயில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று கொஞ்சம் முன்னதாக வேலை முடித்து எஸ்டேட்டில் இருந்தும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ராமசாமி அண்ணன் அலமாரியைப் பார்த்தார். கிண்டல் ஏதும் இல்லாமல் மெய்யாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். "நல்லதாப் போச்சுங்க டீச்சர். புஸ்தகமெல்லாம் ஊட்டுக்கு வந்திருச்சு. புள்ளைங்க அங்கயே படிச்சுக்கட்டும். இனி இந்த ரூமுல அரிசிய எறக்கிரலாமுங்களே?"

சுமதி எழுந்தாள். காலி அலமாரியின் கதவைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். நான்கு வருடமாக ஆசைப்பட்டது நடந்து, அதனாலேயே அறை போகிறது. நான் வெளியூர்க்காரி, உட்கார்ந்த இடத்தில் பாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பின்வரிசையில் இருந்து செல்வி எழுந்தார். "ஏனுங்கண்ணா, வெறகு ஊட்டுக்கு வந்திருச்சுன்னு மரத்தை வெட்டிப்போட முடியுங்களா? அடுத்த வாரம் கட்டுக்கு எங்க போறது?"

அறை முழுக்க ஒரே சிரிப்பு. ராமசாமி அண்ணனும் சிரித்துவிட்டார். அதற்கப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் எலி கடிக்காமல் இருக்கப் புத்தகத்தை அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில். "எங்க ஊட்டுலயும்தான் ரெண்டு கெடக்குது" என்று ராமசாமி அண்ணனே ஒத்துக்கொண்டார். "அந்த ஆமைக் கதைய இன்னொருக்கா படிடான்னு பையனை உக்கார வெச்சுக்கிட்டு எம் பொண்டாட்டி சோத்தைக் கொழைய விட்டுப்போட்டா." ஒரு புத்தகம்கூட நனையவில்லை. சுமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டே நின்றாள்.

புத்தகத்தைத் திருப்பித் தருவது எப்படி என்ற பேச்சும் வந்தது. அதற்கும் செல்வியே வழி சொன்னார். விறகு தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வதில்லையா, அப்படிப் படித்ததை வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்ளட்டும் என்று. "சரி, அப்ப அரிசிக்கு என்ன வழிங்க?" என்று ராமசாமி அண்ணன் விடாமல் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், எல்லோரும் எழுந்து வராந்தாவைப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் அவரே, "வராந்தாவுல செவுத்தை ஒட்டிப் பலகை மேடை போட்டு, மூணு பக்கமும் தகரம் அடிச்சரலாம். எங்கிட்ட பழைய தகரம் கெடக்குது" என்றார். மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வராந்தாவில் அவர் சுத்தியல் சத்தம் கேட்டது. அறை நூலகமாகவே இருக்கிறது.

எத்தனையோ ஊர் போயிருக்கிறேன், பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இந்த ஊரில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கப் போனவள் ஒரு முடிச்சுக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாமல் நின்றேன், யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. என்னை நம்பி அழைத்த சுமதிக்கும், நான் அழ வைத்த மறுநாளே வந்து பெரிய புத்தகத்தை அடியில் வைக்கச் சொல்லிக் கொடுத்த காவ்யாவுக்கும், வேலைக் களைப்போடு கூட்டத்துக்கு வந்து எழுந்து நின்று பேசிய செல்விக்கும் நான் கடமைப்பட்டவள்.

இதுபோல ஒரு பயணம் திட்டமிடுபவர்களுக்குச் சில விஷயங்கள். குப்பனூர் வழி பஸ் நேரத்தைச் சேலத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள், கடைசி பஸ்ஸை நம்பி உட்காராதீர்கள். நவம்பர், டிசம்பரில் போனால் ஸ்வெட்டரும் குடையும் இரண்டும் வேண்டும். பள்ளிக்குள் போவதென்றால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள், பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள். பளபளப்பான பொருள்கள் எதுவும் வாங்க வேண்டாம். பழைய செய்தித்தாள், சணல், கோணி ஊசி, வெள்ளைத் தாள் போதும், மற்ற எல்லாம் அங்கே மரத்தில் இருக்கிறது. புத்தகம் கொண்டுபோனால் தலையில் வைக்கத் தோதான அளவில் பாருங்கள்.

இன்னொன்று. சுமதியின் நூலகத்துக்குப் போனால் அலமாரியைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். என்ன புத்தகம் வேண்டும் என்று மட்டும் பிள்ளைகளிடம் கேளுங்கள். அது இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று சொல்லி, கையைப் பிடித்து அந்த வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போவார்கள்.